மூங்கிலும் முத்திரையும்

அறுபத்தெட்டாம் நம்பர் கிராமத்தில் லேகராமைப் பற்றிக் கேட்டால் முதலில் அவன் கையைப் பற்றித்தான் சொல்வார்கள். கரும்பு வெட்ட வந்த இந்தியர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் கோரன்டைன் கடற்கரையில் வெல்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவன் பற்றவைத்த இடம் விட்டுவிட்டது என்று யாரும் திரும்பி வந்து நின்றதில்லை. இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்கிற வழக்கம் அவனுக்கு இல்லை. இரும்பு ஒட்டியிருக்கும், இல்லை ஒட்டியிருக்காது, இதில் பேச என்ன இருக்கிறது என்பான். மனிதர் விஷயத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது என்பதை முப்பத்தாறாம் வயதில்தான் தெரிந்துகொண்டான்.

பதினேழு வயதில் சர்க்கரை ஆலைக்குள் போனவன். கொதிகலனின் வயிற்றுக்குள் மல்லாந்து படுத்து, நெஞ்சில் பொறி விழ விழ, குழாய் பற்றவைத்துப் பழகிய கை. 2017ஆம் வருஷக் கடைசியில் ஆலையை மூடினார்கள். அதற்குப் பிறகு ஜன்னல் கம்பி, வயலில் ஓடும் டிராக்டரின் இரும்புச் சக்கரம், மீன்படகின் அச்சு என்று கிடைத்ததைச் செய்தான். ஊரில் பாதிப் பேர் ஆலையை நம்பி இருந்தவர்கள். கதவுக்குக் கம்பி போடச் சொல்ல யாரிடம் என்ன இருந்தது? மாதத்தில் பத்து நாள் வேலை இருந்தால் அதிகம்.

கூட வேலை பார்த்த ஜெய்பர்சாத் கனடாவுக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. சஸ்காட்சுவான் மாகாணத்தில், தானியம் கொட்டிவைக்கும் இரும்புக் குதிர் செய்கிற பட்டறை. அவன் தன் முதலாளியிடம் லேகராமைப் பற்றிச் சொல்லி வைத்தான். முதலாளி வயசானவர், யார் பேச்சையும் கேட்டு நம்புகிறவர் இல்லை. போனில் முகம் பார்த்தபடி, தன் கண்ணெதிரே செய்து காட்டச் சொன்னார். மனைவி தன்மத்தி போனைப் பிடித்துக்கொள்ள, லேகராம் முற்றத்தில் நின்று இரண்டு தகடுகளை நிமிர்த்தி வைத்துப் பற்றவைத்தான், பிறகு தலைக்கு மேலே தூக்கிக் கட்டிப் பற்றவைத்தான். துண்டு துண்டாக அறுத்து, கிடுக்கியில் வைத்து வளைத்தான். எந்த ஒட்டும் விரிசல் விடவில்லை. முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்தத் துண்டைத் திருப்பு, இன்னும் கிட்டே கொண்டா என்றார். அப்புறம் சரி என்றார். அவ்வளவுதான் பேச்சு.

உள்ளூரில் வெல்டர் கிடைக்கவில்லை என்று அவர் தம் அரசாங்கத்திடம் நிரூபித்து அனுமதி வாங்க ஐந்து மாதம் பிடித்தது. 2019 பிப்ரவரியில் அனுமதிக் கடிதமும் வேலைக் கடிதமும் வந்து சேர்ந்தன. இரண்டு வருஷ வேலை. மனைவியும் கூட வரலாம், அங்கே அவளும் வேலை செய்யலாம். இனி விசாவுக்கு மனுப் போட வேண்டியது மட்டும்தான் இவர்கள் பங்கு.

நியூ ஆம்ஸ்டர்டாம் டவுனில் மருந்துக்கடை மாடியில் மிஸ் வினெட் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பாள். பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற கறுப்பினப் பெண்மணி. மனிதரையும் நம்பமாட்டாள், படிவத்தையும் நம்பமாட்டாள். ஒவ்வொரு கேள்வியையும் உரக்க வாசித்து, சொல்கிற பதிலை அப்படியே தட்டுவாள். பதிவு அலுவலகத்தின் கல்யாணச் சான்றிதழ் எங்கே என்று கேட்டாள். அது எடுக்கவில்லை, மூங்கில் கல்யாணம்தான் என்றான் லேகராம். பண்டிட் கோயில் முத்திரை குத்தி எழுதிக் கொடுத்த தாளை நீட்டினான். இந்தியர் ஊர்களில் மூங்கில் பந்தலுக்கு அடியில் நெருப்பைச் சுற்றி வந்ததோடு எத்தனையோ கல்யாணங்கள் முடிந்துவிடுகின்றன. அவளுக்கும் அது புதிதல்ல. தாளை வாங்கி வைத்துக்கொண்டாள்.

பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"இதுக்கு முன்னாடி வேற கல்யாணம் ஏதாச்சும்?"

தன்மத்தி லேகராமின் பக்கம் திரும்பினாள். அந்த அறையில் மின்விசிறி ஒன்று கடகடத்துக்கொண்டிருந்தது. அவனுக்குப் பதில் தெரியும். எந்தப் பதில் என்றுதான் தெரியவில்லை.

அவனுடைய இருபத்திரண்டாம் வயதில், 2005இல், நியூயார்க்கிலிருந்து ரூக்மின் வந்தாள். அம்மாவழியில் தூரத்துச் சொந்தம், அவனைவிட ஆறு வயது மூத்தவள், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவள். மாமா ஒருவர் நடுவில் நின்று பேசி முடித்தார். பணம் வாங்கிக்கொண்டு அமெரிக்கா போக வழி செய்கிற இதற்கு ஊரில் பெயரே பிசினஸ் கல்யாணம். பதிவு அலுவலகத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், அவள் நாலு நாள் இருந்து சொந்தக்காரர் வீடுகளில் சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறினாள். இரண்டு வருஷம் கழித்து தலைநகர் ஜார்ஜ்டவுனில் அமெரிக்கத் தூதரகத்தில் அவனைக் கூப்பிட்டார்கள். கைரேகை எடுத்தார்கள். உங்கள் மனைவி கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பாள் என்று கேட்டார்கள். அவன் யோசித்தான். யோசித்ததே பதிலாகிவிட்டது. விசா இல்லை என்றார்கள்.

ரூக்மின் அங்கேயே விவாகரத்து போட்டுவிடுவதாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் போன் எண் மாறியது. 2009இல் லேகராமின் அம்மா தன்மத்தியைப் பார்த்து முடிவு செய்தபோது யாரும் எதையும் மறைக்கவில்லை. பெண்வீட்டாருக்கும் தெரியும், பண்டிட்டுக்கும் தெரியும். பதிவு மட்டும் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மூன்று நாள் கல்யாணம், தாமரை இலையில் ஏழு கறிச் சோறு, இருநூறு பேர். டிவியில் நியூயார்க்கில் பனி கொட்டுவதைக் காட்டும்போதெல்லாம் தன்மத்தி சொல்வாள், "பாவம் லேக், உன் மூத்தவ குளுருல நடுங்கிக்கிட்டிருப்பா, ஒரு போர்வையாவது அனுப்பு." அவனும் சிரிப்பான். பத்து வருஷமாக அந்த வீட்டில் ரூக்மின் ஒரு வேடிக்கை, அதற்கு மேல் எதுவும் இல்லை. குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றித்தான் சிரிக்க மாட்டார்கள்.

இப்போது மிஸ் வினெட்டின் விரல்கள் விசைகளுக்கு மேலே காத்திருந்தன. ஆமாம் என்று சொன்னால் தன்மத்தி அந்தப் படிவத்தில் இரண்டாவது ஆகிவிடுவாள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. விசாவுக்காகப் பொய் சொன்னான் என்று பிற்பாடு எழுதப்பட்டது. விசா அந்த நிமிஷம் அவன் நினைவிலேயே இல்லை.

"இல்ல மிஸ்," என்றான்.

வேறு எந்த நாடாவது விசா மறுத்ததா என்று அடுத்து ஒரு கேள்வி வந்தது. முதல் பதில் சொன்ன பிறகு இரண்டாவதற்கு வேறு பதில் சொல்ல இடமில்லை. அதற்கும் இல்லை என்றான்.

திரும்பும் வழியில் மினிபஸ் நிறுத்தத்தில் தன்மத்தி அவனுக்கு ஒரு கோப்பை மாபி வாங்கிக் கொடுத்தாள். ஐஸ் போட்ட கசப்புப் பானம். வழக்கமாக அவன்தான் வாங்கித் தருவான். அன்று அவள் முகத்தில் இருந்த நிறைவைப் பார்த்தபோது தான் சொன்னது பொய்யே அல்ல என்று அவன் முழுமனதாக நம்பினான்.

ஜார்ஜ்டவுனுக்குப் போய்க் கைரேகை கொடுத்தார்கள். மருத்துவப் பரிசோதனை முடிந்தது, போலீஸ் சான்றிதழ் வந்தது. காகிதங்கள் டிரினிடாடில் இருக்கும் கனடா அலுவலகத்துக்குப் போயின. தன்மத்தி கோழிகளை ஒவ்வொன்றாகக் குறைத்தாள். வெண்டைக்காயும் பயறும் இந்தப் பருவம் போடவில்லை, யார் பறிக்கப்போகிறார்கள் என்றாள். ஜெய்பர்சாத்தின் மனைவி அனுப்பிய பட்டியலைப் பார்த்து இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை பின்னி முடித்தாள். வெயிலில் உட்கார்ந்து கம்பளி பின்னுகிறவளை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பூலோ அக்கா கேலி செய்வாள். "ஏண்டி, இங்கயே இப்படி வேர்த்துக் கொட்டுதே, இதப் போட்டுக்கிட்டா ஆவியாப் போயிருவ."

ஜூன் மாதம் கடிதம் வந்தது. மறுப்பு அல்ல. விளக்கம் கேட்டு வந்த கடிதம். லேகராம் என்ற நபரின் கைரேகை இன்னொரு நாட்டின் பதிவுகளோடு பொருந்துகிறது. அதன்படி அவருக்கு 2005இல் சட்டப்படி திருமணம் ஆகியிருக்கிறது, 2007இல் விசா மறுக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் அவர் தெரிவிக்கவில்லை. முப்பது நாளுக்குள் விளக்கம் தரவேண்டும். மிஸ் வினெட் அதை இரண்டு தடவை வாசித்தாள்.

"என்கிட்ட ஏன்டா தம்பி மறைச்ச?"

"மறைக்கல மிஸ். அத நாங்க கல்யாணத்துல சேக்கறதில்ல."

"அவங்க சேப்பாங்க. நீங்க சேக்கறத அவங்க சேக்க மாட்டாங்க." கடிதத்தை மடித்தாள். "என்ன எழுதணும்னு நான் சொல்லித் தர மாட்டேன். எத எழுதினா என்ன ஆகும்னு மட்டும் சொல்றேன். பேப்பருக்காகக் கட்டினேன்னு எழுதினா, ஒரு நாட்ட ஏமாத்தினவன் நம்மளையும் ஏமாத்துவான்னு மூடிருவாங்க. நெஜமாவே கட்டி வாழ்ந்தோம், அப்புறம் பிரிஞ்சுட்டோம்னு எழுதினா கொஞ்சம் வழி இருக்கு. எப்படி எழுதினாலும் அந்தப் பொண்ணு உன் மனைவி இல்ல. கூட வாழற துணை. அப்படின்னு அவளே சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும். பொறந்ததுலேருந்து கல்யாணமே ஆகாதவ நான்னு."

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் ஏதாவது இருந்தால் உதவும் என்றும் கேட்டாள். கேட்ட பிறகு தானே தலையைக் குனிந்துகொண்டாள்.

லேகராம் அன்று தனியாகப் போயிருந்தான். வீட்டில் வந்து சொல்ல அவனுக்கு இரண்டு நாள் ஆனது. கொதிகலனுக்குள் நுழையப் பயப்படாதவன், அடுக்களை வாசலில் நின்று பங்கமேரி மீன் கழுவிக்கொண்டிருந்த மனைவியிடம் இதைச் சொல்லும்போது சுவரைப் பிடித்துக்கொண்டான். அவள் மீனைக் கழுவி முடித்தாள். தண்ணீரைத் தென்னையடியில் கொட்டினாள்.

"பேப்பர்ல குத்து வெட்டுன்னு செய்தி வந்தா போடுவானே," என்றாள், "'மனைவி என்று சொல்லப்படுபவர்'னு. அதுவா நான்?"

"காகிதத்துல மட்டும், தன்."

"காகிதத்துல மட்டும்தான் அவளும் உனக்குப் பொண்டாட்டியா இருந்தா. இப்ப பாரு, கைரேகை வரைக்கும் வந்து நிக்கிறா."

வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்று அவன் சொன்னான். சொல்லும்போதே, விட்டுவிட அவள் சம்மதித்துவிடக் கூடாதே என்று உள்ளே ஒன்று பதறியது. அதை அவள் பார்த்துவிட்டாள் என்பதுதான் அவனுக்குக் கடைசிவரை ஆறாமல் இருந்தது. மறுநாள் காலையில் நல்ல புடவையை எடுத்து உடுத்திக்கொண்டு, எத்தனை மணி பஸ் என்று கேட்டாள்.

பிரமாணம் வாங்கும் அதிகாரியின் அறை தபால் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. அவர் மேசை இழுப்பறையில் பைபிள், குரான், கீதை மூன்றும் இருந்தன. வந்தவளின் முகத்தைப் பார்த்து எது என்று கேட்காமலே கீதையை எடுத்து வைத்தார். தாளை வாசித்துக் காட்டினார். தன்மத்தி ஆகிய நான், வயது முப்பத்திரண்டு, எந்தச் சட்டத்தின்படியும் எந்தச் சடங்கின்படியும் யாரையும் மணம் செய்துகொண்டவள் அல்ல. சடங்கு என்ற சொல்லை யார் சேர்த்தார்கள் என்று லேகராமுக்குத் தெரியவில்லை. அங்கே எல்லாத் தாளிலும் அச்சாகி வருகிற வார்த்தையாக இருக்கலாம். அதிகாரி ஒரு கணம் நிறுத்தி அவள் வகிட்டில் இருந்த சிவப்பைப் பார்த்தார். இங்கே இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார்.

"இது உண்மைதானாம்மா?"

"உண்மைதான்," என்றாள் தன்மத்தி, கீதையின் மேல் கை வைத்து.

அடையாள அட்டையில் இருக்கிற மாதிரி கையெழுத்துப் போடச் சொன்னார். அட்டையில் அவள் அப்பா பெயர்தான் இருந்தது. அதைப் போட்டாள். அவர் முத்திரை குத்தினார்.

முதல் படிவத்தில் லேகராம் சொன்னது ஊரறிந்த உண்மை. அது பொய் என்று பதிவானது. இந்தத் தாளில் இருந்ததை ஊரில் ஒரு குழந்தைகூட நம்பாது. அதற்குத்தான் முத்திரை கிடைத்தது. உண்மை என்பது சொல்கிறவனிடம் இருக்கிறதா, கேட்கிறவனிடம் இருக்கிறதா என்று பஸ்ஸில் வரும்போது அவன் யோசித்தான். படித்தவர்கள் இதற்கு ஏதாவது சொல்லிவைத்திருப்பார்கள். தனக்கு அது உதவப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டான். பக்கத்தில் தன்மத்தி ஜன்னல் வழியே வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று யாரும் மாபி குடிக்கவில்லை.

ஆகஸ்டில் பதில் வந்தது. விளக்கம் பரிசீலிக்கப்பட்டது. முக்கியமான உண்மைகளை மறைத்த காரணத்தால் மனு நிராகரிக்கப்படுகிறது, ஐந்து வருஷத்துக்கு மறுபடி மனுப் போட முடியாது. இணைத்து அனுப்பிய பிரமாணப் பத்திரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சஸ்காட்சுவான் முதலாளி போனில் கூப்பிட்டு, உன் கை நல்ல கை, ஆனால் என்னால் காத்திருக்க முடியாது என்றார். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஜெய்பர்சாத் இரண்டு வாரம் தினமும் பேசினான், பிறகு வாரம் ஒருமுறை, பிறகு பேசவில்லை.

லேகராம் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தான். ரூக்மினிடமிருந்து விவாகரத்து வாங்க வழி உண்டு, ஆனால் நோட்டீஸ் அனுப்ப அவள் விலாசம் வேண்டும் என்றார். நடுவில் நின்ற மாமா செத்து எட்டு வருஷம். யாருக்கும் விலாசம் தெரியவில்லை. கிடைத்துவிடும், கிடைத்ததும் நேரே பதிவு அலுவலகத்துக்குப் போவோம், இந்தத் தடவை காகிதத்திலும் சரியாகச் செய்துவிடுவோம் என்று தன்மத்தியிடம் சொன்னான்.

"கட்டின புருஷன எத்தன தடவதான் கட்டறது," என்றாள் அவள். கோபம் இருந்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் மறுபடி வெண்டை போட்டாள், கோழி வாங்கி விட்டாள். பேச்சும் சமையலும் பழையபடி நடந்தன. வகிட்டில் சிவப்பு வைப்பதைக்கூட அவள் நிறுத்தவில்லை. ஒன்று மட்டும் லேகராம் கவனித்தான். டிவியில் பனி கொட்டினால் அவள் எழுந்து போய்விடுவாள்.

நவம்பரில் பூலோ அக்காவின் மகளுக்குக் கல்யாணம். பத்து வருஷத்துக்கு முன் லேகராமின் கல்யாணத்தில் தன்மத்தியைக் கைப்பிடித்து அழைத்து வந்து பந்தலில் உட்கார வைத்தவள் இந்தப் பூலோ அக்காதான். வெள்ளிக்கிழமை பின்னேரம் லேகராம் அந்த வீட்டு முற்றத்தில் இருந்தான். ஏழு கறி வைக்கிற பெரிய இரும்புச் சட்டிக்கு அடியில் வைக்கும் முக்காலியில் ஒரு கால் ஒடிந்திருந்தது. அதைப் பற்றவைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஆண்கள் நாலைந்து பேர் பச்சை மூங்கில்களைத் தோளில் சுமந்து வந்து பந்தலுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் மண் எடுக்கப் புறப்படுகிற நேரம். தாசா மேளம் வாசலில் சூடேறிக்கொண்டிருந்தது. கால்வாய்க் கரைக்கு மேளத்தோடு போய், ஐந்து சுமங்கலிகள் மண்ணைத் தோண்டி எடுத்து, ஒருவருக்கொருவர் வகிட்டில் சிவப்பு வைத்துக்கொண்டு திரும்பி வரவேண்டும். நாலு பேர் நின்றார்கள். பூலோ அக்கா மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். சமையல் கொட்டகையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த தன்மத்தியைக் கண்டாள்.

"என்னடி, நல்ல நேரம் பாத்து ஒளிஞ்சுக்கிட்டியா? வா, நீதான் அஞ்சாவது."

"வேற யாரயாச்சும் கூப்பிடு அக்கா."

"வேற யாரு? என் பொண்ணுக்கு நீ வைக்காம?"

தன்மத்தி கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்திருக்கவில்லை.

"கீத மேல கை வச்சுச் சொல்லியிருக்கேன் அக்கா, எனக்குக் கல்யாணமே ஆகலன்னு. கனடாவுக்குப் போறதுக்காகச் சொன்னது, தெரியும். போகலங்கறதால அது சொல்லாததா ஆயிடுமா? உன் பொண்ணு கல்யாணத்துல என்னால ஒரு கொற வர வேண்டாம்."

சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். அதெல்லாம் காகிதச் சமாச்சாரம், யார் கண்டது என்று ஒருத்தி சொன்னாள். பூலோ அக்காவின் பார்வை ஒரு கணம் முற்றத்தில் இருந்த லேகராமின் பக்கம் வந்தது. பிறகு மகள் இருந்த அறையின் பக்கம் போனது. நாள் நேரம் பார்த்துச் செய்கிற காரியம். தாய் என்ன செய்வாள்? எதிர்வீட்டுக்கு ஆள் அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் ஐந்தாவது பெண் புடவையைச் சரிசெய்தபடி ஓடி வந்தாள். மேளம் கிளம்பியது.

லேகராம் கறுப்புக் கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டான். முக்காலியின் கால் ஏற்கெனவே நன்றாக ஒட்டியிருந்தது. அதே இடத்தில் மறுபடி ஒரு வரிசை போட்டான், அதன்மேல் இன்னொன்று. பந்தல் போடுகிறவர்களில் ஒருவன், "போதும் அண்ணே, சட்டிதான வைக்கப் போறோம், ஆலைக் கொதிகலனா வைக்கப் போறோம்," என்றான். கொட்டகையில் தன்மத்தி மறுபடி பூசணிக்காயை எடுத்துக்கொண்டாள். அவர்கள் இருவருக்கும் நடுவில் ஆட்கள் முதல் மூங்கிலைக் குழியில் இறக்கி மண்ணைத் தள்ளி மிதித்துக்கொண்டிருந்தார்கள்.